முப்பத்துமூன்று அடி வயிறு

நியூசிலாந்தில், ஹென்டர்சனில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பழைய லங்காஸ்டர் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். இரண்டாம் உலகப் போரில் குண்டு போடுவதற்கென்றே செய்த நாலு எஞ்சின் விமானம். இனிப் பறக்காது, காட்சிக்குத்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் பஸ்ஸுக்குத் தகட்டில் பொடி, அதாவது உடல்கூடு, கட்டியவன். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கத் தெரியும் என்றதும் ஆறு மாதத்துக்கு எடுத்தார்கள். தொண்ணூற்றேழு மார்ச்சோடு அது முடிகிறது. நிரந்தர வேலை என்று கடிதம் கிடைத்தால்தான் வவுனியா முகாமில் கிடக்கும் குணவதிக்கும் மகள் கம்சாயினிக்கும் விசா கேட்கலாம். சனிக்கிழமை விருந்தாளிகள் முன்னால் விமான வயிற்றில் இருக்கும் குண்டறைக் கதவுகள் ஒழுங்காகத் திறந்தால் திங்கள் கடிதம் என்று முதலாளி கிரெக் சொல்லியிருந்தார்.

"முப்பத்துமூன்று அடி, நடுவில் ஒரு தடுப்பும் இல்லை. எவ்வளவு பெரிய குண்டும் போகும். கெட்டிக்காரர்கள், சற்குணம்!" என்று அந்த வயிற்றைத் தடவுவார்.

கெட்டிக்காரர்கள்தான். நான் விமானங்களின் வயிற்றைக் கீழே நின்று பார்த்த ஆள்.

போர்க்காலத் தொழிற்சாலையில் பெண்கள் சோடியாக நின்று ரிவெட் அடித்த முறையில்தான் நாங்களும் அடித்தோம். வெளியே ரிவெட் துப்பாக்கியோடு ஃபிஜிக்காரன் தேவேந்திரா. உள்ளே பலகையில் குந்தியபடி நான் இரும்புக் கட்டியைத் தகட்டோடு அழுத்திப் பிடிப்பேன். கட்டி விலகினால் தகடு கிழியும். சத்தத்தில் பேச்சுக் கேட்காது. நான் ஒரு தட்டுத் தட்டினால் சரி, இரண்டு தட்டினால் இன்னும் அடி.

வெள்ளிக்கிழமை கடைசித் தகடு. அந்தப் பெண்கள் பென்சிலால் எழுதிய எண்கள் அதில் அழியாமல் இருந்தன. அதை மாற்றவே கூடாது என்பது கிரெக்கின் கட்டளை.

"அண்ணே, பொண்டாட்டி வந்தா எனக்கு நண்டுக் கறி உண்டுல்ல?" என்றான் தேவேந்திரா, தாத்தாவிடம் படித்த தமிழில்.

"முதல்ல நேரா அடியடா. பிறகு நண்டு."

முற்றத்தில் ஒரு எஞ்சினைத் தாங்கியில் பூட்டி ஓடவிடப்போவதாகக் காலையிலேயே சொன்னார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன்.

அது இருமி, உறுமி, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அடுத்த நினைவு வந்தபோது நான் கீழே சீமெந்தில் குப்புறக் கிடந்தேன். முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு. ஊரில் குண்டு விழும்போது பங்கர் குழிக்குள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. வாயைத் திற பிள்ளை, இல்லாட்டிக் காது வெடிக்கும்.

மேலே ரிவெட் துப்பாக்கி கட்டி இல்லாத வெறும் தகட்டில் நாலைந்து அடி இறங்கியிருந்தது. பென்சில் எண்களுக்கு நடுவே உள்ளங்கை அளவு கிழிசல்.

"நாந்தான் சார், என் கை வழுக்கிடுச்சு," என்று தேவேந்திரா ஆங்கிலத்தில் கத்தினான். கிரெக் வாசலில் நின்று எல்லாம் பார்த்திருந்தார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் குந்தி, தோளில் கைவைத்தார். திட்டியிருந்தால் கெஞ்சியிருப்பேன். அவர் திட்டவில்லை. இந்தச் சத்தத்துக்குள் உன்னைப் பலகையில் ஏற்ற எனக்கு மனம் வராது என்றார்.

சனிக்கிழமை கதவுகள் வழுக்கிக்கொண்டு திறந்தனவாம். தேவேந்திரா சொன்னான். அவன் கொண்டுவந்த உறையில் கிரெக் கைப்பட எழுதிய கடிதம். சற்குணம் நல்ல வேலைக்காரன், நேர்மையானவன், மார்ச்சோடு வேலை முடிகிறது.

ஞாயிறு குணவதி தொலைபேசிக் கடையில் இருந்து எடுத்தாள்.

"என்னப்பா, கடிதம் தந்தவையோ?"

"ஓம், தந்தவை."

"பிள்ளை, அப்பாவுக்குக் கடிதம் கிடைச்சிட்டுதாம்!"

அங்கே மகள் கை தட்டுவது கேட்டது. சொல்ல வாய் திறந்தேன். திறந்தபடியே இருந்தது. லைன் தானாக அறுந்தது.