ஆறு வருடம் யாரும் உடைக்காத பூட்டு

மனிதர்கள் கட்டிய கோட்டைகளிலேயே இன்றுவரை யாராலும் பிடிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அது ப்ளோவ்டிவ் நகரின் திராகியா குடியிருப்பில், ஆறாவது மாடியில், பல் டாக்டருக்கு எதிர்க்கதவில் இருந்தது. லிஃப்ட் நான்காவது மாடிவரைதான் போகும்.

கோட்டையின் பெயர் ட்சாரேவெட்ஸ். சினிமா டிவிடிகளை யாரும் நகலெடுக்க முடியாமல் காக்கும் ஏற்பாடு அது. அதைக் கண்டுபிடித்து, அதற்காக ஒரு நிறுவனத்தையும் தொடங்கி, எங்கள் ஏழு பேருக்கும் சம்பளம் கொடுத்துவந்த இன்ஜினியர் எவ்லோகி தாஸ்கலோவ், பழைய தலைநகரத்துக் கோட்டையின் பெயரையே அதற்கு வைத்தார். அந்தக் கோட்டை விழுந்துவிட்டதே என்று ஸோர்னிட்ஸா ஒருமுறை கேட்டாள். அவள்தான் எங்கள் பரிசோதனைப் பிரிவு. பிரிவில் வேறு யாரும் இல்லை. உள்ளே இருந்த ஒரு துரோகி கதவைத் திறந்துவிட்டதால்தான் விழுந்தது, மதிலில் ஒரு குறையும் இல்லை என்று எவ்லோகி விளக்கினார். எங்களில் துரோகிகள் இல்லை என்பதால் பெயர் அப்படியே நின்றது.

ட்சாரேவெட்ஸ் செய்யும் வேலை எளிமையானது. டிவிடியில் நான்கைந்து இடங்களில் வேண்டுமென்றே பழுதுகளை வைக்கும். வீட்டில் படம் பார்க்கும் கருவி அந்த இடங்களுக்குப் போகாது. நகலெடுக்கிற கணினியோ முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்து அந்தக் குழிகளில் விழுந்து கிடக்கும். இதை நான் எங்கள் விளம்பரப் பிரசுரத்தில் பதினோரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். பிரசுரம் எழுதுவதுதான் என் வேலை.

எதிரியின் பெயர் மரங்கொத்தி. ஏதோ ஒரு தீவிலிருந்து விற்கப்படும் மென்பொருள். உலகத்தில் யார் எந்தப் பூட்டைப் போட்டாலும் கொத்தித் திறந்துவிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிய பதிப்பு வரும். அந்த வாரம் எந்தெந்தப் பூட்டைத் திறந்தார்கள் என்ற பட்டியலும் கூடவே வரும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக அதைத்தான் படிப்பார்கள். தங்கள் பூட்டின் பெயர் அதில் வந்தால் அன்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் மட்டும் வெள்ளிக்கிழமை கொண்டாட்டமாக இருக்கும். ஸோர்னிட்ஸா பட்டியலைப் படித்து "இல்லை" என்பாள். எவ்லோகி எல்லோருக்கும் கீழே கடையிலிருந்து பானிட்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும் போஸா என்ற புளித்த தானியப் பானமும் வரவழைப்பார். ஆறு வருடமாக இல்லை. ஆறு வருடமாக பானிட்ஸா. எனக்கு எட்டு கிலோ கூடியிருந்தது.

மரங்கொத்தியை எங்கள் அலுவலகக் கணினி எதிலும் ஏற்றக்கூடாது என்பது எவ்லோகியின் சட்டம். கோட்டைக்குள் எதிரியின் ஏணியை நாமே தூக்கிக்கொண்டு வருவதா என்பார். ஆகவே அச்சாகி வந்த டிவிடிகளைப் படம் ஓடுகிறதா என்று மட்டும் ஸோர்னிட்ஸா பார்ப்பாள். எந்தக் கருவியில் போட்டாலும் ஓடும். ஜெர்மன்காரர்களின் காப்பு போட்ட படங்கள் பழைய கருவிகளில் திக்கித் திணறும். எங்களுடையது ஒருநாளும் திணறியதில்லை. இதையும் பிரசுரத்தில் சேர்த்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் சோஃபியாவிலிருந்து பெல்ச்சேவ் வந்தார். எங்களிடம் காப்பு வாங்கிய ஒரே பட விநியோகஸ்தர். இலையுதிர் காலப் படங்களுக்கான ஒப்பந்தத்தை அவர் புதுப்பித்தால் நிறுவனம் இருக்கும். இல்லையென்றால் ஏழு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பெல்ச்சேவ் ஒரு அட்டவணையை விரித்தார். எந்தப் பூட்டு எத்தனை நாள் தாங்கியது என்ற கணக்கு. பிரெஞ்சுக்காரர்களுடையது பத்தொன்பது நாள். ஜெர்மன் நாற்பத்தொன்று. ட்சாரேவெட்ஸுக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. எவ்லோகி அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொடுத்தார்.

"இதுக்கு மேல என்ன வேணும் பெல்ச்சேவ்? தொடவே பயப்படறானுங்க."

"கோடு போட்டா பாஸுன்னு அர்த்தமில்லீங்க இன்ஜினியர். பரீட்சைக்கே வரலைன்னு அர்த்தம். என் மாமனாரோட பழைய மாஸ்க்விச் காரை இருபது வருஷமா யாரும் திருடல. அதுக்காக அதுல நல்ல பூட்டு இருக்குன்னு சொல்ல முடியுமா?"

தலைமையகம் எண் கேட்கிறது என்றார் அவர். வெறும் கோடு அவர்களுக்குப் புரியாது. மாத முடிவுக்குள் ஒரு எண் வந்தால் ஒப்பந்தம், வராவிட்டால் ஜெர்மன்காரர்கள்.

இப்படியாக, உலகத்திலேயே முதன்முறையாக, ஒரு பூட்டுக்காரர் தன் பூட்டை உடைக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. யாராவது முயன்றால்தானே எத்தனை நாள் தாங்கியது என்று சொல்ல முடியும். மரங்கொத்திக்காரர்களுக்கு ஒரு இணையப் பேச்சரங்கம் உண்டு. ஏதாவது டிவிடி நகலாகவில்லை என்றால் வாடிக்கையாளர்கள் அங்கே போய் அழுவார்கள். 'அலகு' என்ற புனைபெயரில் ஒருவர் அந்த டிவிடியை வாங்கி ஆராய்ந்து பூட்டை உடைப்பார். ட்சாரேவெட்ஸ் பற்றி ஆறு வருடத்தில் அங்கே ஒருவரும் அழுததில்லை. நாங்கள் காத்த படங்கள் மூன்று கல்யாணக் காமெடி, ஒரு முள்ளெலி பொம்மைப் படம், தயிர் பற்றிய ஒரு ஆவணப்படம்.

அழுவதற்கு ஒரு ஆளை உருவாக்கினோம். பஸார்ஜிக் நகரத்து இல்லத்தரசி கின்கா, மூன்று குழந்தைகள். கடிதத்தை எவ்லோகியே சொன்னார், ஸோர்னிட்ஸா தட்டச்சு செய்தாள். முள்ளெலிப் படத்தின் அசாதாரணமான பன்னடுக்குக் காப்பின் முன் கின்கா கையறு நிலையில் நின்றாள்.

"தலைவரே, பஸார்ஜிக்ல மிளகா ஊறுகாய் போடற பொம்பளை பன்னடுக்குன்னு எழுதமாட்டா."

எவ்லோகி யோசித்து 'பன்னடுக்கு' என்பதை விட்டுக்கொடுத்தார். 'அசாதாரணமான' இருந்தாகவேண்டும் என்றார்.

பதில் ஐந்து நாளில் வந்தது. அலகு மரியாதையான மனிதர். கின்கா அம்மா, நீங்கள் சொன்ன டிவிடியை வரவழைத்துப் பார்த்தேன், எல்லா டிவிடியிலும் இருக்கும் சாதாரணப் பூட்டைத் தவிர அதில் எந்தக் காப்பும் இல்லை, இருபது நிமிடத்தில் நகலாகிவிட்டது, உங்கள் கணினியில் தூசி இருக்கலாம், மெல்லிய துணியால் துடையுங்கள் என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர், அந்தப் படத்தைத்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டிவியில் போடுகிறார்களே, நகல் எதற்கு என்று கேட்டிருந்தார்.

எவ்லோகி அதை இரண்டு முறை படித்தார். பிறகு பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட், திரும்பி வந்து மூன்றாம் முறை. ஒருவேளை அலகு சொல்வது உண்மையாக இருந்தால் என்று ஸோர்னிட்ஸா தொடங்கினாள். எவ்லோகி கை உயர்த்தி நிறுத்தினார். உடைத்துவிட்டேன் என்று ஒருவன் சொல்லலாம், அதைத் தாங்கிக்கொள்ளலாம். இல்லவே இல்லை என்று சொல்ல அவன் யார் என்றார்.

மூன்று நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். எழுத்துத் திருநாள் விடுமுறையில் ஊரே மாலைகளும் பள்ளிக்கூட பாண்டு வாத்தியமுமாக ஊர்வலம் போனபோதும் அவர் உள்ளேதான் இருந்தார். வெளியே வரும்போது கையில் ஒன்பது பக்கம் இருந்தது. ட்சாரேவெட்ஸ் எப்படி வேலை செய்கிறது, பழுதுகள் எங்கெங்கே வைக்கப்படுகின்றன, அவற்றின் வரிசை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, எல்லாம் படங்களுடன். கடைசியில் கையெழுத்து: கின்கா, இல்லத்தரசி. குழந்தைகள் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்ததாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

ஸோர்னிட்ஸா கடைசிவரை படித்துவிட்டுத் தாள்களை மேசையில் வைத்தாள்.

"தலைவரே, ஆறு வருஷமா நாம மறைச்சு வெச்ச எல்லாமே இதுல இருக்கு."

"இருக்கட்டும். இருக்குன்னு தெரியட்டும் அவனுக்கு."

அன்று மாலையே அனுப்பியாயிற்று. மறு வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏழாவது வரி: 'ட்சாரேவெட்ஸ்: இனி நீக்கப்படும். விவரம் தந்த பஸார்ஜிக் கின்காவுக்கு நன்றி. இந்தக் காப்பு உள்ள டிவிடி எதையும் நாங்கள் இன்னும் பார்த்ததில்லை.' எவ்லோகி முதல் வாக்கியத்தை எழுந்து நின்று உரக்க வாசித்தார். மற்ற இரண்டையும் வாசிக்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக எங்கள் பெயர் பட்டியலில் வந்திருந்தது. ஜெர்மன்காரர்கள் துக்கம் கொண்டாடும் விஷயத்துக்கு நாங்கள் இரட்டைப் பங்கு பானிட்ஸா சாப்பிட்டோம். பின்பு அவர் பெல்ச்சேவுக்குத் தொலைபேசி செய்து, விழுந்துவிட்டோம் என்று பெருமையாக அறிவித்தார். எத்தனை நாள் என்று பெல்ச்சேவ் கேட்டார். இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு என்றார் எவ்லோகி.

செவ்வாய்க்கிழமை பெல்ச்சேவ் ஒப்பந்தத்தோடு வந்தார். லிஃப்டுக்கு அப்பால் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்திருந்தது. தலைமையகம் அந்த எண்ணைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டதாம். ஒரே ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி என்றார்: ட்சாரேவெட்ஸை நீக்கத் தெரியாத பழைய மரங்கொத்திப் பதிப்பு எப்படித் தோற்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். தன் மடிக்கணினியிலேயே அதைக் கொண்டுவந்திருந்தார். எதிரியின் ஏணி முதன்முறையாகக் கோட்டைக்குள் வந்தது. எவ்லோகி தடுக்கவில்லை, ஏணி முறிவதைப் பார்க்க எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

முள்ளெலிப் படம் இருபது நிமிடத்தில் நகலானது. ஒரு கல்யாணக் காமெடியைப் போடச் சொன்னார் எவ்லோகி. அது பதினெட்டு. தயிர்ப் படம் பதினொரு நிமிடம்தான், நீளம் குறைவு. பெல்ச்சேவ் திறந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்லோகியைப் பார்த்தபடி இருந்தார். எவ்லோகி எங்கள் மூலத் தட்டை எடுத்துத் தாமே அதே மடிக்கணினியில் போட்டார். டிவிடிகளை அச்சடிக்க ஆலைக்கு நாங்கள் அனுப்புகிற முதல் பிரதி அது. மரங்கொத்தி முதல் குழியிலேயே விழுந்து நின்றது. எவ்லோகியின் முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது.

யாரும் சொல்லாமலே ஸோர்னிட்ஸா அச்சடிக்கும் ஆலைக்குத் தொலைபேசி செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். எடுத்தவர் பாவ்லினா, ஆலையின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. நாங்கள் அனுப்பும் மூலத் தட்டில் இருப்பது அப்படியேதான் அச்சாகிறதா என்று ஸோர்னிட்ஸா கேட்டாள்.

"அப்படியே எப்படிம்மா அச்சடிக்கிறது? உங்க தட்டுல எப்பவும் தப்பு இருக்கும். ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு எடம். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நாங்களே உக்காந்து சரி பண்ணிடுவோம். இன்னிவரைக்கும் ஒரு டிவிடி தப்போட வெளிய போனதில்ல."

"எப்பலேர்ந்துங்க?"

"மொதல் தட்டுலேர்ந்துதான்."

பெல்ச்சேவ் பேனாவுக்கு மூடி போட்டார். ஒப்பந்தத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அட்டவணையில் எங்கள் வரியைத் தலைமையகத்துக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றார். இரண்டு மாடி இறங்கும் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு லிஃப்ட்.

பிழையில்லாத அச்சுக்காகப் பாவ்லினாவுக்கு அதற்கு முந்தைய நவம்பரில் நகர வர்த்தக சபை தர விருது கொடுத்திருந்தது. அவரைப் பரிந்துரைத்துக் கடிதம் கொடுத்தவர் இன்ஜினியர் எவ்லோகி தாஸ்கலோவ்.