காற்று தொட்ட இடம்

ஈரப் பஞ்சால் கணவரின் உதடுகளை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது, மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து புகைக்காரர். காற்றுச் சுரங்கத்தில் புகைவிட்டு, காற்று போகும் தடத்தைப் படம் எடுப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

"ஓட்டிப் பாத்துட்டோம் மேடம். ஒட்டலை. முன்விளிம்புல பிச்சுக்கிட்ட காத்து, சுழிச்சுக்கிட்டே நேரா பின்னாடி போயிடுச்சு. நீங்க சொன்னதுதான்."

கல்யாணம் ஆனதிலிருந்து நடக்கும் சண்டை இது. செவ்வகக் கட்டையின் மொட்டை முகத்தில் மோதும் காற்று, முன்விளிம்பிலேயே பிய்த்துக்கொண்டு விலகிவிடும். கட்டை நீளமாக இருந்தால் திரும்ப வளைந்து வந்து அதன் பக்கத்தில் ஒட்டும். குட்டை என்றால் ஒட்டாமலே போய்விடும். இரண்டுங்கெட்டான் நீளத்தில்தான் தகராறு. கணினியில் கணக்குப் போடும் அவள் ஒட்டாது என்பாள். சுரங்கத்தில் சோதித்துப் பார்க்கும் அவர் ஒட்டும் என்பார். படுக்கையில் விழுவதற்கு முன், இதற்கென்றே ஒரு கட்டையைத் தன் கையால் இழைத்து அனுப்பியிருந்தார்.

மகன் அவளை ஜன்னலோரம் இழுத்துப் போனான்.

"அப்பா ஜெயிச்சுட்டார்னு சொல்லிடும்மா. இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

அவர் நோயில் விழுந்த நாள்முதல் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கிரிக்கெட் பற்றி அவர் உளறியதற்குக்கூட மறுபேச்சு இல்லை.

"நானும் தலையாட்டிட்டா, அவர் யார்கூடடா சண்டை போடுவார்?"

கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"என்னங்க, தோத்துட்டீங்க. ஒட்டலையாம்."

மகன் நெற்றியில் கைவைத்துக்கொண்டான். ஆனால் காலையிலிருந்து மூடிக்கிடந்த கண்கள் திறந்தன.

"வலை... போட்டானா?"

சுரங்கத்தின் வாயில் மாட்டும் கம்பிவலையைக் கேட்கிறார். சீராக வரும் காற்றை அது கலைத்துவிடும். வெளியே அடிக்கும் காற்று எங்கே இஸ்திரி போட்ட மாதிரி வருகிறது என்பார். கலைந்து வரும் காற்றுதான் சீக்கிரம் வளைந்து ஒட்டும் என்பதே அவர் கட்சி.

"வலையில்லாம ஜெயிச்சா... அழுகுணி ஆட்டம்."

அவள் புகைக்காரரைக் கூப்பிட்டாள். வலை போட்டிருந்ததா என்று கேட்டாள்.

"ஐயய்யோ... தூசி தட்டக் கழட்டினேன் மேடம். திரும்ப மாட்டவே இல்லை."

"மாட்டி ஓட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருக்கோம்."

கணவர் மகனைப் பார்த்தார். "உங்கம்மா... பயந்துட்டா."

"யாரு, நானா? வலை போட்டாலும் ஒட்டாது. எழுதி வச்சுக்கோங்க."

"பாக்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு பேசவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்தது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மகன் சுவரில் முகம் புதைத்து அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத்தைக்குச் சொல்லவும் பீரோவிலிருந்து வெள்ளை விரிப்பு எடுத்துவரவும் போனான். அவள் அவர் கண்களை மூடினாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

போன் அதிர்ந்தது.

"ஒட்டிருச்சு மேடம்! சார்கிட்ட சொல்லுங்க!"

"எந்த இடத்துல?"

"பின்விளிம்புக்கு ஒரு விரக்கடை முன்னாடி. அப்படியே வளைஞ்சு வந்து உக்காந்துச்சு பாருங்க, புகை! சார் என்ன சொல்றார்?"

"படத்தை அனுப்புங்க. அப்புறம் பேசறேன்."

நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, ஒட்டிருச்சு. ஒத்துக்கறேன். ஆனா ஒரே ஒரு விரக்கடைங்க. கட்டையைத் துளி குட்டையா இழைச்சிருந்தா வலை போட்டும் ஒட்டாமப் போயிருக்கும். இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?"

மகன் விரிப்போடு வந்து வாசலில் தயங்கினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் இருடா. பேசிக்கிட்டிருக்கோம்ல?"

அவன் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.