கண்ணம்மாள் சொன்ன செகண்ட்ஸ்

என் கம்பெனியில் இப்போது யாரும் ‘செகண்ட்ஸ்’ என்று சொல்லக் கூடாது. பழுதான பனியனை வேறு என்னவென்று சொல்வது என்று செக்கிங் டேபிள் பெண்கள் விழிக்கிறார்கள். ஓட்டை பீஸ் என்று சொல்லுங்களேன், வாய் வலிக்கிறதா? அந்தச் சொல் காதில் விழுந்தால் செத்துப்போன என் தங்கை கண்ணம்மாள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். சத்தியமாக நிற்கிறாள்.

என் மகள் தேஜஸ்ரீக்கு முதலில் நிச்சயித்த இடம் முறிந்துபோய், அடுத்த வருடம்தான் வேறு இடம் அமைந்தது. நிச்சயதார்த்தப் படங்கள் இரண்டைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தாராபுரத்திலிருந்து கண்ணம்மாள் பதில் போட்டாள்: ‘செகண்ட்ஸ் நல்லாருக்குது.’

வேலம்பாளையத்தில் முப்பது வருடமாகப் பனியன் தைக்கிறவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். என் மகளைக் கழித்துப் போட்ட துணி என்கிறாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரூப்பிலிருந்து தூக்கினேன், நம்பரை பிளாக் செய்தேன். கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. அழைக்காத வீட்டுக்கு அத்தைக்காரி எந்த முகத்தோடு வருவாள்?

ஏழு மாதம் கழித்து நெஞ்சுவலியில் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடித் துணியை அவள்மேல் போர்த்தியது இந்தக் கைதான்.

காரியம் முடிந்ததும் அவள் மகள் கிருத்திகா கேட்டாள். “அம்மா மேல அப்படி என்னங்க மாமா கோவம்? கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியல.”

அந்தச் சொல்லைச் சொன்னேன்.

“அம்மாவுக்கு டைப் பண்ணத் தெரியாதுங்க. பேசுனா போனே எழுதிக்கும். ரெண்டாவது போட்டோவுலதான் தேஜு சிரிக்கறா. அந்த செகண்டு நல்லாருக்குதுன்னு சொன்னாங்க. ‘ஸ்’ அதுவா போட்டுக்கிச்சுங்க.”

கண்ணம்மாளின் போனை என்னிடம் நீட்டினாள். ‘அண்ணா, நான் என்ன தப்புப் பண்ணேன்?’ ‘அண்ணா, சாப்டீங்களா?’ கல்யாணத்தன்று, ‘கண்ணு நல்லா இருக்கட்டும்.’ எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

அங்கேயே என் போனில் பிளாக்கை எடுத்தேன். பழையது எதுவும் வந்து சேரவில்லை. ‘கண்ணம்மா, தப்பு என்னுதுதான் சாமி’ என்று அனுப்பினேன். கிருத்திகா திரும்ப வாங்கிக்கொண்ட அவள் அம்மாவின் போன் உடனே ஒலித்தது. அவள் திறந்து பார்த்தாள். என் திரையில் இரண்டு டிக்கும் நீலமாயின.

கண்ணம்மாள் படித்துவிட்டாள் என்று என் போன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.