மூன்று தையல்

விரல்நுனியில் அந்தத் தழும்பு தட்டுப்படுகிறது, மூன்று தையல் போட்ட தழும்பு, நல்லா என்று தொடங்கிய வாழ்த்து வாயிலேயே நின்றுவிட்டது, பாயில் நெற்றி படக் குனிந்து ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும் இந்தப் பணிப்பெண் என் மகள் இளவேனில், கியோத்தோவின் பழைய தெருவில், ஒரு மர விடுதியின் வாசலில் நிற்கிறேன், வருகிறவர்களை மண்டியிட்டு வரவேற்பது இவர்கள் வழக்கமாம், நானோ காலில் விழுகிறாள் என்று நினைத்துக் கோவில்பட்டியில் செய்வதுபோலத் தலையில் கை வைத்துவிட்டேன், இவள் ரோபோ கம்பெனியில் இன்ஜினியரல்லவா, தெரு முழுக்க லட்டு கொடுத்தேனே, நான்கு வயதில் துவைக்கிற கல்லில் மோதிக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் என் முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒரு சொட்டு அழவில்லை, வலித்தாலும் சொல்ல மாட்டாள் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், போன மாதமாவது உறைத்திருக்க வேண்டும், டிராவல்ஸ் ஜெபராஜ் மூன்று விடுதிகளின் படங்களைக் காட்டினார், ஆற்றுப் பாலத்துப் பக்கம் இருந்த இந்த ஒன்றுக்கு மட்டும் போனில் எத்தனை நொட்டை சொன்னாள், வேண்டாம்மா, அங்க தரையிலதான் படுக்கணும், ஒன் முழங்கால் தாங்காது, எல்லாரும் ஒரே தொட்டியில குளிக்கணும், ஸ்டேஷன் பக்கம் லிப்ட் வச்ச ஓட்டலாப் பாரு, சரி தாயி என்றேன், வேண்டாம் என்றால் அதையே செய்கிற வீம்புக்காரி நான், ஜெபராஜ் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லி, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்கிறேன், மகளை அசத்திவிடலாம் என்று.

கையை எடுக்க மனம் வரவில்லை, அம்மா, கைய எடும்மா, ஓனரம்மா பாக்காங்க, குனிந்தபடியே தமிழில் சொல்கிறாள், எத்தன நாளா இது, ரெண்டு வருசமாச்சும்மா, கம்பெனிய மூடிட்டாங்க, நீ தெருவுக்கே லட்டு குடுத்துட்ட, பெறகு எப்படிச் சொல்ல, எந்திரி தாயி, இல்லம்மா, நீ உள்ள போறவரைக்கும் எந்திரிக்கக் கூடாது, அதான் வேலை.

செருப்பைக் கழற்றிவிட்டு, பாய் விரித்த மேடையில் ஏறினேன், உள்ளே போகக் கால் வரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே அதே பாயில் மெல்ல மண்டியிட்டேன், ஓனரம்மா பார்த்தால் பார்க்கட்டும், குனிந்த தலையில் மறுபடி கை வைத்து, அந்தத் தழும்பைத் தடவி, இரு தாயி, நல்லா இரு என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன், மூன்று தையலுக்கு அழாதவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள், என் முழங்கால் தாங்குகிறது.