ஒலிக்காத எண்கள்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் அண்ணன் தர்மராஜ். அண்ணி பிரதீபா. அவர்கள் மகள் சிநேகா, நாலு வயது முடிந்தவள், காலையில் கோயிலில் மழித்த தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. என் அம்மா செங்கம்மாள். அண்ணியின் அம்மா வேண்டா, முதல் நாளே அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். காது குத்த வந்த திருவேங்கடம் பத்தர். நான். கடைசியாக வந்து சேர்ந்தவன் அண்ணியின் ஒரே அண்ணன் பரணிதரன்.

அவன் வந்ததுதான் அன்றைய விசேஷம். காது குத்து அதற்கு அடுத்தது.

எங்களில் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அன்று மடி கொடுத்தவன் அதன் பிறகு எல்லாவற்றுக்கும் மாமன். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பதுவரை அவன்தான். பரணிதரனுக்காக இதை ஏற்கெனவே இருமுறை தள்ளிப் போட்டாகிவிட்டது. அண்ணி ஃபோன் செய்வாள். மணி கடைசிவரை போகும். பிறகு ஒரு பெண் குரல் யாரும் எடுக்கவில்லை என்று சொல்லும். அண்ணி அந்தக் குரலையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

"மீட்டிங்ல கீறாரு போல" என்பாள் எங்களைப் பார்த்து.

"உங்க அண்ணன் இன்னா கலெக்டரா, காலையிலேந்து ராத்திரி வரைக்கும் மீட்டிங்ல குந்திகினு இருக்க" என்பாள் அம்மா.

கடைசியில் அம்மா தீர்மானமாகச் சொன்னாள். "இந்த தபா அவன் வரலன்னா என் தம்பி புள்ள மடியில குந்த வெச்சிக் குத்திடுவேன். இனிமே இந்த வூட்ல மாமன் முறைக்கு அவந்தான். உங்க வூட்டு ஆளுங்க வந்தா துன்னுட்டுப் போங்க, அவ்ளோதான்."

அன்று மாலை அண்ணி என்னிடம் வந்தாள். "தம்பி, நீ அந்த ரோட்ல வேல செஞ்சவன்தான. நேர்ல போய் சொல்லிட்டு வர்றியா?"

நான் சிறுசேரி பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்டில் ஃபோன் பேசும் வேலையில் இருந்து, பாதியில் விட்டவன். எந்த கேட்டில் நின்றால் யார் வெளியே வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். டீ நேரத்தில் பரணிதரன் கழுத்தில் அட்டையோடு வந்தான். என்னைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. கூட வந்தவர்களை முன்னால் போகச் சொன்னான்.

"ஒரு ஃபோன் பண்ணிட்டு வரக்கூடாதா மச்சான்?"

"அண்ணி பண்ணிகினேதான் கீறாங்க."

"பாக்கல" என்றான். வருகிறேன் என்றும் சொன்னான். அம்மா என்ன சொன்னாள் என்பதை முழுவதும் சொன்னேன். முகம் மாறியது. "சத்தியமா வரேன்" என்றான்.

சொன்னபடி வந்தான். கோயிலுக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்தான். பட்டுப் பாவாடை, தங்கக் கம்மல், பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தான். கம்மலை அம்மா கையில் எடுத்துப் பார்த்து, கல்லைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று பொருள். அண்ணியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். பத்தருக்கு மட்டும் இரண்டு முறை கொடுத்தாள்.

பரணிதரன் மணைமேல் உட்கார்ந்தான். சிநேகாவை மடியில் வைத்தார்கள். பத்தர் ஊசியைத் துடைப்பதைப் பார்த்துக் குழந்தை வாயைக் கோணியது. அதற்கு வேடிக்கை காட்டத்தான் அவன் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.

அது இரண்டாயிரத்து எட்டு. எங்கள் தெருவில் எல்லோரிடமும் டார்ச் அடிக்கும் ஃபோன்தான். இது பெரியது, கறுப்பு, திரை முழுக்கக் கலர். திரையில் மாமல்லபுரத்துப் பாறைமேல் அவனும் ஒரு பெண்ணும்.

"யாருடா இது?" என்றாள் வேண்டா.

"ஸ்ரீதேவி. கூட வேலை செய்றாங்க. கல்பாக்கம் டவுன்ஷிப்."

"நல்லா கீறாளே" என்று வேண்டா திரையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விரல் பட்ட இடத்தைச் சட்டையில் துடைத்தான்.

பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினான். "மடியில உக்காந்திருக்கறத ரெண்டு ஃபோட்டோ எடு மச்சான். அப்படியே சைலண்ட்லேந்து ஜெனரலுக்கு மாத்திடு, ஆபீஸ் கால் வரும். மேல பவர் பட்டன் கீது பாரு, லேசா அழுத்து. நீட்டி அழுத்தினா ஆஃப் ஆயிடும்."

லேசாக அழுத்தினேன். படியிறங்குவதுபோல ஒரு பட்டியல் விழுந்தது. ஜெனரல், சைலண்ட், மீட்டிங், அவுட்டோர். ஜெனரலைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "மெனு உள்ள போவத் தேவையே இல்லியா?" என்றான்.

"எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு செட் பண்ணிக்கலாம்" என்றான் பரணிதரன். பெருமை வந்துவிட்டது. "ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பாட்டு வெச்சிருக்கேன். மேனேஜருக்கு சைரன். ஸ்ரீதேவிக்கு வீணை. பையில இருந்து எடுக்காமயே யாருன்னு தெரிஞ்சிடும். அதுக்கு ஏத்த மாதிரி எடுக்கலாம், விடலாம்."

"எனக்கு இன்னா பாட்டு வெச்சிகீற?" என்றாள் அண்ணி.

"அப்புறம் காட்றேன், இரு."

"சொல்லேன். நான் சின்ன வயசுல பாடுவனே, அதுவா?"

சிரித்துக்கொண்டே அவள் தன் ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினாள். நாங்கள் எல்லோரும் என் கையில் இருந்ததைப் பார்த்தோம். திரை வெளிச்சமானது. பிரதீபா என்று பெயர் வந்தது. சத்தம் வரவில்லை.

"சிக்னல் இல்லியா?" என்றான் அண்ணன்.

"கால் வந்துகினுதான் கீது. பேரு தெரியுது" என்றேன்.

"சைலண்ட்லயே இருக்கும்" என்றான் பரணிதரன்.

"இப்பதான மாத்தினேன்."

"அப்ப ஏதோ மிஸ்டேக். விடுங்க. பத்தரே, நல்ல நேரம் போயிடப் போவுது."

பத்தர் உதவி செய்ய நினைத்தார். அவர் மேல் தவறு இல்லை. "நம்பர் சொல்லுமா, நான் அடிச்சிப் பாக்கறேன். என்துல ஃபுல் டவர்" என்று தன் ஃபோனை எடுத்தார். அண்ணி எண்ணைச் சொன்னாள். மறுநிமிடம் என் கையில் அந்த ஃபோன் அதிர்ந்து, தெருமுனைவரை கேட்கும்படி மேளம் கொட்டியது. சிநேகா கைதட்டினாள்.

அண்ணி சிரிப்பை நிறுத்தவில்லை, அது முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து அவன் ஃபோனை எடுத்து அடித்தாள். திரை மட்டும் எரிந்தது. என் ஃபோனைக் கேட்டாள். கொடுத்தேன். அதற்கும் ஊமை. கடைசியாகத் தன் அம்மாவின் இடுப்புப் பையிலிருந்து அவளுடையதை எடுத்தாள். போன பொங்கலுக்குப் பரணிதரனே வாங்கிக் கொடுத்த ஃபோன். என் புள்ள வாங்கிக் குடுத்தது என்று வேண்டா போகிற இடமெல்லாம் காட்டுவாள். அதிலிருந்து அடித்தபோது திரையில் 'அம்மா' என்று வந்து, எரிந்து, அணைந்தது.

"அதைக் குடு மச்சான்" என்றான் பரணிதரன். குழந்தை மடியில் இருந்ததால் எழ முடியவில்லை.

நான் கொடுக்கவில்லை. இந்த வித்தை எனக்குத் தெரியும். எங்கள் ஷிஃப்டில் பையன்கள் செய்வார்கள். சத்தமே இல்லாத ஒரு பாட்டைப் பதிந்து, பிடிக்காதவர்களை ஒரு குரூப்பில் போட்டு, அந்த குரூப்புக்கு அதை ரிங்டோனாக வைத்துவிடுவார்கள். கூப்பிடுகிறவனுக்கு மணி போய்க்கொண்டே இருக்கும். அண்ணியின் பெயரை அழுத்திப் பார்த்தேன். 'பிளாட்' என்றொரு குரூப். இந்த ரோட்டில் வேலை பார்க்கிற எல்லோரையும் மனைப் புரோக்கர்கள் நாளெல்லாம் துரத்துவார்கள். கேளம்பாக்கம் மனை, தையூர் மனை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார்னர் மனை. அந்த மனைக்காரர்களுக்கு நடுவில் எங்கள் நாலு பேர்.

அண்ணி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

"நாங்க உனுக்கு மனை விக்க வர்றமா?"

"அப்படி இல்ல பிரதீபா. சாயந்தரம் மிஸ்டு கால் பாத்து நானே கூப்பிடலாம்னுதான்."

"கூப்ட்டியா?"

அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "ஒரு நாள் டீம் மீட்டிங்ல அம்மா கால் வந்துச்சு. எடுத்தேன். இன்னாடா, துன்னியாடான்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துது. ரூம்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் என்னைப் பாத்தா துன்னியா, துன்னியான்னு. நீ அங்க வந்து உக்காந்து பாரு, தெரியும்."

அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியும். என் பேச்சைக் கேட்டும் சிரித்திருக்கிறார்கள். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் சிரித்தவர்களின் எண்களெல்லாம் அந்த ஃபோனில் நன்றாகவே ஒலிக்கும்.

வேண்டா இவ்வளவு நேரம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"நானும் அதுல கீறனா?" என்று கேட்டாள்.

அண்ணி அந்த ஃபோனை அவள் இடுப்புப் பையிலேயே திரும்ப வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மகனிடம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "இனிமே மெதுவா பேசறேன்டா" என்றாள்.

அண்ணி குனிந்து சிநேகாவை அவன் மடியிலிருந்து தூக்கினாள். அவன் பிடித்துக்கொள்ளவில்லை. "எழுந்திருங்க" என்றாள். அவனை அவள் அதுவரை நீ என்றுதான் சொல்லி வந்தவள். அவன் எழுந்தான். அந்த மணையில் அவளே உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குத்துங்க பத்தரே."

பத்தர் என் அம்மாவைப் பார்த்தார். "பெத்தவ மடியில குத்தறது..."

"வேற மடி இல்ல. குத்துங்க."

அம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். தம்பி மகனை ஆள் அனுப்பி வரவழைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துத் தெருதான். நாலு வருஷமாகச் சொல்லிக் காட்டிய வாய் அது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குத்துய்யா" என்றாள். அவ்வளவுதான். அண்ணி அதைக் கேட்டுத் தலையைத் தாழ்த்தினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள் என்று தோன்றியது.

குழந்தை வீரிட்டது. பத்தர் தான் கொண்டுவந்த தங்கக் கம்பியைக் காதில் வளைத்துவிட்டார். தட்டில் இருந்த கம்மலை யாரும் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

பரணிதரன் என்னிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டான். "நான் கெளம்பறேன்."

"சாப்ட்டுப் போங்க" என்றாள் அண்ணி. "வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பற பழக்கம் இந்த வூட்ல இல்ல."

இலை போட்டாள். அவன் உட்கார்ந்தான், வேறு வழி இல்லை. "சாம்பார் ஊத்தட்டுங்களா? வடை இன்னொண்ணு வைக்கட்டுங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பரிமாறினாள். கேட்டரிங்காரர்கள் கேட்பதுபோல. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சைரன் அடித்தது. எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை அவள் ரசக் கிண்ணத்தோடு நின்றிருந்துவிட்டு, பிறகு ஊற்றினாள்.

அவன் கை கழுவிவிட்டு வந்தபோது சீர்த்தட்டைப் பாவாடையோடும் கம்மலோடும் அப்படியே அவன் கையில் கொடுத்தாள். "பிரதீபா, இதெல்லாம் வேணாம்" என்றான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். வாங்கிக்கொண்டு வாசலில் இறங்கினான்.

அப்போதுதான் வேண்டா தன் மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி வந்தவள்.

"நீ எங்கம்மா போற?"

"தனியா போறான்டி. மனசு சரியில்லாம வண்டி ஓட்டுவான்."

"உன்னையுந்தான் அதுல போட்டு வெச்சிருந்தாரு."

"அவனுக்கு ஆயிரம் வேல" என்றாள் வேண்டா.

பேத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். பரணிதரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அவள் சீர்த்தட்டை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மகள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாளோ என்னவோ.

வண்டி தெருவைத் தாண்டும்வரைகூட அண்ணி நிற்கவில்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பட்டப்பகலில் எங்கள் தெருவில் யாரும் செய்யாததையும் செய்தாள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து உள்பக்கம் பூட்டினாள்.