தொண்ணூற்றாறு டிகிரி

புதுக் கம்ப்யூட்டரின் பாகங்களைப் பூட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "இது எனக்கு நாலாவதுங்க. கண்ணைக் கட்டிக்கிட்டே மாட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சொன்னபடியே கண்ணைக் கட்டிக்கொண்டுதான் மாட்டியிருக்கிறேன் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

இந்தச் செலவெல்லாம் என் மகளுக்காக. வேலை கிடைத்து வெளியூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். "போன்ல உங்க நெத்தி மட்டும்தான் தெரியுதுப்பா" என்று ஒரு நாள் சலித்துக்கொண்டாள். முழு முகமும் தெரியட்டும் என்று இறங்கிவிட்டேன். அதோடு, பத்து நாள் லீவில் வீட்டுக்கு வருவாளா மாட்டாளா என்று இந்த ஞாயிறு சொல்வதாக இருந்தாள். அந்தப் பதிலை நெற்றியோடு மட்டும் கேட்க எனக்கு மனமில்லை.

ஒன்பது மணிக்கு சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. திரையின் ஓரத்தில் பிராசசரின் சூடு எழுபத்தெட்டு என்று காட்டியது. சும்மா நிற்கிற கம்ப்யூட்டருக்கு அது காய்ச்சல். தொண்ணூற்றாறு வரை ஏறியது, பிறகு பட்டென்று அணைந்தது.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். ஒரு நூல் பிசகினாலும் தூக்கம் வராது. பிராசசரின் சூட்டை இழுக்கும் கூலரின் நான்கு திருகுகளையும் குறுக்குக்குறுக்காக இறுக்கினேன். அதன் விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் ஊதியது. பெட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். தொண்ணூற்றைந்து. ஒரு டிகிரிக்கு இவ்வளவு கூத்து.

மணி பத்து. வேறு வழியில்லாமல் கடைக்காரருக்கே போன் போட்டேன்.

"சூடு கடத்துற பேஸ்ட் வச்சீங்களா சார்?"

"வச்சேன்."

"கூலரைக் கழட்டி அடியில பாருங்க."

"அதுல என்ன இருக்கு பார்க்க?"

"பாருங்க சார்" என்றார். சிரிப்பை அடக்குகிற குரல். எரிச்சலாக வந்தது. வைத்துவிட்டேன்.

கழற்றித் திருப்பினேன். பிராசசர் மேல் உட்காரும் செப்புத் தகட்டில், கீறல் விழாமலிருக்க ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அதன் மேல் நான் வைத்த பேஸ்ட். 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று சிவப்பில் அச்சடித்தும் இருந்தது.

எப்படி விட்டேன் என்று யோசிக்க நேரம் பிடிக்கவில்லை. இதற்கு முன் மூன்று கம்ப்யூட்டர் பூட்டியிருக்கிறேன்; ஒன்றில்கூட நான் தாள் உரித்ததில்லை. மகளின் அம்மா எங்களைப் பிரிந்து போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். முதல் கம்ப்யூட்டர் வாங்கியபோது அவளுக்கு ஆறு வயது. பெட்டியில் எது ஒட்டியிருந்தாலும் உரிக்கிற உரிமை அவளுடையது. நான் கூலரைத் தலைகீழாகப் பிடித்து நீட்டுவேன், அவள் சர்ரென்று இழுப்பாள், நான் திருப்பி மாட்டுவேன். பதினாறு வயதிலும் அதற்காகப் பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். நேற்றும் கூலரைத் தலைகீழாக நீட்டினேன். ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தேன் என்றுகூட நினைக்கிறேன். பிறகு திருப்பி மாட்டிவிட்டேன்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தாறு வயது ஆள், ஒரு தாளுக்காக. வெட்கமாகத்தான் இருந்தது.

உரித்தேன். பேஸ்ட் வைத்து மாட்டி, பக்கக் கண்ணாடியையும் பூட்டினேன். முப்பத்தெட்டு டிகிரி.

பதினொன்றுக்குக் கூப்பிட்டாள். திரை முழுக்க என் மகள். கன்னம் ஒட்டியிருந்தது.

"அப்பா, முழுசாத் தெரியறீங்க. இளைச்சிட்டீங்களே."

"நீ மட்டும் என்னவாம், வாலு."

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கெட்ட செய்தி சொல்லும்முன் அப்படித்தான் செய்வாள்.

"லீவு கிடைச்சிருச்சுப்பா. ஆனா ஆபீஸ் ஃபிரண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து டூர் போக டிக்கெட் போட்டுட்டாங்க. அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்."

"அதுக்கென்ன, போயிட்டு வா. குளிருக்கு எதாவது எடுத்துட்டுப் போ."

"அங்க குளிரே இல்லப்பா."

"அப்ப சரி."

பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிக் காட்டினேன்.

"பெட்டியோட ரெண்டு பக்கக் கண்ணாடியிலயும் தாள் அப்படியே இருக்கு" என்றேன். "பெரிசு. நீ வந்து உரிப்பேன்னு வச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். இந்தத் தடவை மெதுவாக. "நீங்களே உரிச்சிருங்கப்பா. தூசி ஒட்டும்."

"சரிம்மா."

திரை இருண்டது. சூடு முப்பத்தாறு என்று ஓரத்தில் காட்டியது. கம்ப்யூட்டரில் இனி எந்தக் கோளாறும் இல்லை.

என் பக்கமிருந்த கண்ணாடியின் தாளை நகத்தால் நெம்பி உரித்தேன். சர்ரென்று நல்ல சத்தம். அடுத்த பக்கத்துத் தாளை உரிக்கவில்லை. அது சுவரைப் பார்த்த பக்கம். தூசி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது.