மாமனார் சொன்ன ஏற்பாடு

தெக்கோவா ஊர்வாசலில் மழை காலையிலிருந்தே விடவில்லை. யூதர்கள் கட்டிய அந்நிய மனைவிகளை அனுப்பிவிட வேண்டும் என்று எருசலேமில் முடிவாகி, விசாரிக்கும் மூப்பர் ஊருக்கே வந்துவிட்டார். ஏலாள் மூன்று மாதக் கைக்குழந்தையைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு, வாசல் கூரையடியில் கல்லில் உட்கார்ந்திருந்த அவர்முன் நின்றாள். அவர் பட்டியலில் பெயரை எழுதிவிட்டால் இன்றே அவளும் பிள்ளையும் கிளம்ப வேண்டும். புருஷன் அஸ்ரீகாம் பக்கத்தில் நின்றான்.

அவள் கேனியர் வம்சம். மோசேயின் மாமனார், மீதியான் நாட்டுப் பூசாரி எத்திரோவின் வழி. அவள் கல்யாணத்தில் அஸ்ரீகாமின் அப்பா, "எத்திரோ வீட்டுப் பொண்ணு எடுக்கிறோம்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அதே மனிதர்தான் இன்று காலையில், "வம்சத்தைக் கேட்டா மூச்சு விடாத தாயி" என்றார். காலம் அப்படி மாறிக் கிடந்தது.

"உன் வம்சம் என்னம்மா?" என்றார் மூப்பர்.

பொய் வரவில்லை. "எத்திரோ வழி ஐயா."

"மீதியான் பூசாரியா? குறி சொன்ன பிலேயாமும் இப்படி வெளியூர் ஆளுதான். நம்ம ஜனத்தை ஆசீர்வதிச்சவன்னு எங்க பாட்டன் காலத்துல சொன்னாங்க. இப்ப அவன் பேரச் சொன்னாலே துப்புறாங்க." அவர் நாணல் பேனாவை மையில் தோய்த்தார்.

ஏலாளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"ஐயா, நீங்க எத்தனை பேருக்குத் தலைவரு?"

"அம்பது பேருக்கு. எதுக்கு?"

"பத்துப் பேருக்கு ஒருத்தர், அம்பது பேருக்கு ஒருத்தர்னு வைக்கச் சொன்னது யாரு? ஒத்தை ஆளா வழக்குக் கேட்டா ஓஞ்சுபோவீங்க மாப்பிள்ளைன்னு மோசேகிட்ட எங்க எத்திரோதானே சொன்னாரு? அவரு ஆகாதுன்னா, நீங்க உக்காந்திருக்கிற கல்லும் ஆகாதே."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மூப்பர் தாடியைத் தடவினார். பிறகு அவரும் சிரித்தார்.

"மோசேயே கேட்ட பேச்சு. நான் என்னத்தச் சொல்ல? எத்திரோ சும்மா இருந்திருந்தா நான் இந்த மழையில நனைஞ்சிருக்க மாட்டேன்." பேனாவைத் துடைத்து வைத்தார். "நீ வீட்டுக்குப் போம்மா. அடுத்த ஆள் வா."

அஸ்ரீகாம் போர்வையைப் பிள்ளைமேல் இழுத்து மூடினான். அதற்குள் அவன் அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "எத்திரோ வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"காலையில வேற மாதிரி சொன்னீங்களே மாமா" என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். பிறகு வாசல் சுவரில் சாய்ந்து, மனம் விட்டு அழுதாள்.